ஆடியோ பக்கா

தெருவில் அவனுக்கு கோடெக் என்று பெயர். வைத்தவர் முனையில் ஜெராக்ஸ் கடை நடத்துபவர். ஏதாவது வீடியோ ஓடவில்லை என்று யாராவது கொண்டுபோனால், அவன் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். கண்ணைச் சுருக்குவான், உதட்டைப் பிதுக்குவான், "கோடெக் பிரச்சினை" என்பான். படத்தையும் ஒலியையும் சின்னதாக்கிக் கட்டி வைக்கிற முறைக்குத்தான் அந்தப் பெயர். கட்டிய விதம் தெரிந்த மென்பொருள் பிரித்துக் காட்டும், தெரியாதது கையை விரிக்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவன் வாயிலிருந்து வரும்போது, பெரிய டாக்டர் நோயாளியின் சொந்தக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது போல இருக்கும். ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடை ஃபேன் நின்றுவிட்டதைக் காட்டி, இதுவும் கோடெக்காக இருக்குமோ என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டார். ஃபேனில் கோடெக் கிடையாது என்று அவன் பொறுமையாக விளக்கினான். கடையே சிரித்தது. தன் விளக்கம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதை மனைவியிடம் பெருமையாகவும் சொன்னான்.

அவள் அடுப்பைத் தணித்தாள். அவனைப் பார்த்துக் கோபப்படுவதை அவள் விட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது மிச்சமிருந்தது இளக்காரம்தான். கோபத்தைவிட அது எவ்வளவோ தேவலை. ரத்த அழுத்தம் ஏறாது, அடுப்பில் இருப்பதும் தீயாது.

பகலில் அவன் வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அங்கே இப்போது கம்ப்யூட்டருக்கே தெரியும் என்பதால், அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாத வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ளத்தான் வீட்டின் முன்னறையை ஸ்டுடியோ ஆக்கினான். ஸ்டுடியோ என்றால் ஒன்றுமில்லை, ஜன்னலில் பழைய மெத்தையை வெட்டி ஒட்டியிருந்தான். அதற்கப்புறம் அந்த அறைக்குள் காற்றும் வருவதில்லை, வெளிச்சமும் வருவதில்லை, தெருச் சத்தம் மட்டும் வழக்கம்போல வந்தது. மேஜைமேல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர், டிஸ்க் எழுதும் டிரைவ், வெற்று டிஸ்க்குகளின் அடுக்கு. எழுதும்போது பாழான டிஸ்க்குகள் அதைவிட உயரமான இன்னொரு அடுக்கு. பாழானது என்று அவன் ஒத்துக்கொள்ள மாட்டான், "டெஸ்ட் காப்பி" என்பான். அந்த வீட்டில் டம்ளர் வைக்கும் இடமெல்லாம் ஒரு டெஸ்ட் காப்பி கிடக்கும்.

அவனுக்கென்று இருந்த நிரந்தர வாடிக்கையாளர்கள் ஓய்வுபெற்றவர்களின் பாட்டுக் குழு ஒன்றுதான். வேலையில் இருந்தவரை வாயைத் திறக்காதவர்கள் ஓய்வுபெற்றதும் மைக்கைப் பிடித்துவிட்டார்கள். பழைய பாட்டில் பாடகரின் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் பாட்டின் படத்தோடு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தால், அதன்மேல் அவர்கள் பாடுவார்கள். குரலை எடுப்பதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் தேவையில்லை. பாடகரின் குரல் இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் ஒரே அளவில், நட்டநடுவில் இருக்கும். வாத்தியங்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒதுங்கியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பதைக் கழித்துவிட்டால் நடுவில் நிற்பவர் காணாமல் போவார், ஓரத்தில் இருப்பவர்கள் மிஞ்சுவார்கள். மென்பொருளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, ஒரு டிக் போட்டால் போதும். அவன் அந்த டிக்கோடு சேர்த்து படத்தின் வடிவம், வேகம், அளவு, ஒலியின் அளவு எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் சேமித்து, 'மாஸ்டர் செட்டிங்' என்று பெயரிட்டு வைத்திருந்தான். என்னமோ மின்சாரத்தையே அவன்தான் கண்டுபிடித்தது போல அதைப் பற்றிப் பேசுவான்.

அவன் மனைவி ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலையில் இருந்தாள். காய்ச்சலில் கண் செருகிக் கிடப்பவர்கூட அவள் கூப்பிட்டால் எழுந்து வருவார். சத்தம் போட மாட்டாள்; ஆனால் கடைசி வரிசைவரை கேட்கும். கிளினிக்காரர்கள் ஒருநாள் டோக்கன் இயந்திரம் வாங்கி மாட்டினார்கள். அது எண்ணை மட்டும் கூப்பிட்டது, அதைக் கேட்டும் பாதி பேர் தங்கள் எண் இல்லையென்று உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் இயந்திரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அவள் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. பகல் முழுக்க வீட்டில், மாலையானால் கோடெக்கின் பேச்சு. அவளுக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பார்வையில்லாதவர்களுக்கான ஒலி நூலகத்தில் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்ய நிரந்தர வாசிப்பாளர் ஒருவர் தேவை. இந்த வேலை வேண்டும் என்று அவளுக்கு அடிவயிற்றிலிருந்து தோன்றியது. அவள் வாழ்க்கையில் எதையும் அப்படி விரும்பியதில்லை, திருமணத்தைக்கூட.

ஆனால் விளம்பரம் எழுதிய அலுவலகத்தின் மூளையைப் பற்றி என்ன சொல்வது. விண்ணப்பிப்பவர் ஒரு பக்கம் படிக்கும் வீடியோவை, சாதாரண பிளேயரில் ஓடக்கூடிய டிவிடி டிஸ்க்கில், தேர்வு நாளன்று நேரில் கொண்டுவர வேண்டுமாம். டிஸ்க் ஓடாவிட்டால் விண்ணப்பம் ரத்து. குரலுக்கு ஆள் எடுப்பவர்கள் முகத்தை எதற்குக் கேட்டார்கள் என்றால், வேறு ஏதோ வேலைக்குப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். நேரில் வருகிறவளை நேரிலேயே படிக்கச் சொன்னால் என்ன என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பென்டிரைவ் ஏன் கூடாது என்றால், எப்போதோ ஒரு பென்டிரைவில் வைரஸ் வந்து அவர்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். அன்றிலிருந்து டிஸ்க்தான். ஆக, ஊரெல்லாம் மறந்துபோன டிஸ்க்கை நம்பி அவள் பிழைப்பு நின்றது. டிஸ்க் என்றாலோ வீட்டில் அவன் நின்றான்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடமே கொடுத்திருக்கலாம் என்று அவள் பிறகு நினைத்தாள். அப்போது அவள் விளம்பரத்தை மேஜைமேல் வைத்துவிட்டாள், அவன் பார்த்துவிட்டான். இனி வெளியில் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியாது.

ஒரு விடுமுறை மத்தியானம் முன்னறையில் பதிவு நடந்தது. போனை ஸ்டாண்டில் மாட்டி, அதில் ஒரு குட்டி மைக்கைச் செருகினான். இடப்பக்கச் சத்தத்தையும் வலப்பக்கச் சத்தத்தையும் தனித்தனியாகப் பிடிக்கிற மைக் அது. அவளை அதற்கு நேர் எதிரே, நட்டநடுவில் உட்காரவைத்தான். அளவு நாடாவெல்லாம் பிடித்துப் பார்த்தான். தான் மைக்குக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். கடல் அலைகள் எப்படி உண்டாகின்றன என்ற கட்டுரை ஒன்றை அவள் படிக்க ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடிவதற்குள் நேராக உட்காரச் சொன்னான். அடுத்ததில் தோளை இறக்கச் சொன்னான். மெதுவாகப் படி என்றான், நிமிர்ந்து பார் என்றான், இடையிடையே பெரிய மனிதர் போல "ம்ம்" கொட்டினான். கடல் அலையைப் பற்றிச் சொல்லும்போது எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை, ஆனால் கொஞ்சம் சிரிக்கவும் சொன்னான். அவள் நிறுத்தாமல் படித்து முடித்தாள்.

முடித்ததும், நீங்கள் பேசியதெல்லாம் பதிவாகியிருக்குமே, பேசாமல் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள்.

"அதெல்லாம் எடிட்ல எடுத்துருவேன். ஒரு நிமிஷ வேலை" என்றான் அவன். ஒரு நிமிஷ வேலை என்று அவன் சொன்ன எதுவும் அந்த வீட்டில் இதுவரை முடிந்ததில்லை.

முதல் டிஸ்க்கில் போன் ஃபைலை அப்படியே தூக்கிப் போட்டு எழுதினான். ஹாலில் இருந்த பிளேயர் அதை உள்ளே இழுத்துக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, படிக்க முடியவில்லை என்று வெளியே தள்ளியது. பிளேயருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றாமல் எழுதினால் எந்தப் பிளேயரும் அதைத்தான் செய்யும். அவன் குற்றத்தைப் பிளேயர்மேல் போட்டான். லென்ஸில் தூசு என்று அதன் மூடியைக் கழற்றினான், லென்ஸைத் துடைத்தான், திரும்ப மூட்டும்போது நான்கு திருகுகள் மீந்தன. அதற்கப்புறம் பிளேயர் எதையும் வெளியே தள்ளவில்லை. உள்ளே இழுக்கவும் இல்லை. இனி எழுதும் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். கம்ப்யூட்டரோ கண்டதையும் ஓட்டும், அதில் ஓடியது என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

இரண்டாவதாக வடிவத்தை மாற்றி எழுதினான். படம் வந்தது, ஆனால் அவள் முகம் பூசணிக்காய் போல அகன்றிருந்தது. நிஜத்திலும் கொஞ்சம் அப்படித்தான் என்று ஜோக் அடித்தான். மூன்றாவதில் முகம் சரியானது, குரல் பின்தங்கியது. போன் ஒரு வேகத்தில் பிடித்ததை டிஸ்க் வேறொரு வேகத்தில் எதிர்பார்க்கிறது, அதைக் கணக்குப் பார்த்து மாற்றாவிட்டால் வாயும் குரலும் போகப்போக விலகும். அவன் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. குரலை மொத்தமாகக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். ஆரம்பத்தில் அவள் வாய் திறக்கும் முன்பே பேச்சு வந்தது, நடுவில் சரியாக இருந்தது, கடைசியில் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். மொத்தமாக நகர்த்தினால் எப்படிச் சரியாகும், விலகல்தான் கூடிக்கொண்டே போகிறதே என்று சொல்லிப் பார்த்தாள். இது உனக்குப் புரியாத விஷயம் என்றான். புரியாத விஷயத்தை அவன் இன்னும் பல தடவை முன்னால் நகர்த்தினான், பின்னால் நகர்த்தினான். டெஸ்ட் காப்பி அடுக்கு உயர்ந்தது. தேர்வு நாள் நெருங்கிவிட்டது, மறுநாள் காலை போக வேண்டும். 

சாயங்காலம் அவனுக்கு ஞானம் பிறந்தது. பாட்டுக் குழுவுக்குப் போட்டுக் கொடுத்த டிஸ்க் எதுவுமே யார் வீட்டுப் பிளேயரிலும் மக்கர் செய்ததில்லை. அப்படியானால் இதையும் மாஸ்டர் செட்டிங்கில் ஓட்டினால் என்ன? நியாயமான யோசனைதான். வடிவம், வேகம், அளவு எல்லாம் அதில் சரியாக இருந்தன. கூடவே இன்னொரு டிக்கும் இருந்தது. அது அவன் நினைவுக்கு வரவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

டிஸ்க் எழுதி முடிந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். எப்படிப் பார்த்தான் என்பதுதான் முக்கியம். ஒரு காதில் போனை வைத்துப் பாட்டுக் குழுச் செயலாளரிடம் வீடியோவின் நுணுக்கங்களை அளந்துகொண்டிருந்தான். மறு காதில் ஹெட்போனின் ஒரு பக்கத்தை லேசாக ஒட்டவைத்தான். படத்தில் மனைவியின் உதடு அசைந்தது. காதில் ஒரு குரல் கணீரென்று கேட்டது, உதறல் இல்லை, இரைச்சல் இல்லை. அது தன்னுடைய குரல் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது, அவ்வளவுதான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

"ஆடியோ பக்கா" என்றான்.

நீங்கள் பேசியதையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று அவள் வாசலில் நின்று கேட்டாள். எடுத்தாச்சு என்று கையாலேயே சொல்லிவிட்டு செயலாளரிடம் பேச்சைத் தொடர்ந்தான். தானே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அவள் உள்ளே வந்தபோது டிஸ்க்கை வெளியே எடுத்து உறைக்குள் போட்டிருந்தான். அடிக்கடி போட்டு எடுத்தால் கீறல் விழும் என்றான். கேட்டிருக்க வேண்டும். அவன் கையிலிருந்து பிடுங்கியாவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது. இப்படி அலுத்து அலுத்துத்தான் அந்த வீட்டில் எல்லாம் அவன் போக்கில் நடந்தது.

மறுநாள் தேர்வு அறைக்குள்ளும் அவன் கூடவே வந்தான். விண்ணப்பதாரர் மட்டும் என்று வாசலில் நின்ற ஊழியர் சொன்னதற்கு, டெக்னிக்கலாக ஏதாவது சந்தேகம் வந்தால் யார் பதில் சொல்வது என்று எதிர்க் கேள்வி கேட்டான். அவனோடு வாதாடுவதைவிட உள்ளே விடுவது சுலபம் என்பது அந்த ஊழியருக்கும் உடனே புரிந்துவிட்டது.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஒலி நூலகத்தின் தலைவர், பார்வையில்லாதவர், மெலிந்த உடம்பு. இன்னொருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள், விதிகள் அச்சடித்த தாளைத் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தார். ஊழியர் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டார். அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

டிஸ்க் ஓடியது. அவள் முகம் சரியான அளவில், சரியான நிறத்தில் வந்தது. உதடுகள் பிரிந்தன. ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சலும், இரண்டு வீடு தள்ளி யாரோ முனகுவது போல ஒரு சத்தமும் கேட்டன. பிறகு, தெள்ளத்தெளிவாக, "நேரா உக்காரு" என்று அவன் குரல் வந்தது.

அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "தோளை இறக்கு." மறுபடி முனகல். "மெதுவா, மெதுவா. ம்ம்." ஊழியர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். "கொஞ்சம் சிரி" என்று அறையே அதிர்ந்தது. திரையில் அவள், சொன்னபடி, கொஞ்சம் சிரித்தாள்.

நடுவில் இருந்தவளைச் செட்டிங் தூக்கிவிட்டது, ஓரத்தில் இருந்தவனை அப்படியே விட்டுவிட்டது. அதெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. முகம் பற்றி எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை இந்த ஆளின் கையில் கொடுத்தோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், வாசிப்பு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

"படிச்சிட்டுதான் இருக்காங்க சார். வாய் அசையுது" என்றார் அதிகாரி அம்மாள்.

"வாய் அசையறது எனக்குக் கேக்காதும்மா" என்றார் தலைவர்.

அவன் துள்ளி எழுந்தான். இது டிஸ்க்கின் குறை இல்லை, இந்தப் பிளேயரின் ஆடியோ அமைப்பில்தான் ஏதோ கோளாறு, தன்னிடம் ஐந்து நிமிஷம் கொடுத்தால் சரிசெய்து தருவதாக அவிழ்த்துவிட ஆரம்பித்தான். தலைவர் முகத்தை அவன் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"டிஸ்க்ல பேசினது நீங்கதானே? நீங்கதான் இந்த வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கீங்களா?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் அப்போதுதான் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றாள்.

"விண்ணப்பிச்சது நான் சார். அவர் என் வீட்டுக்காரர்" என்றாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்து இளக்காரமும் தொண்டையில் வந்து நின்றது. "எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான் சார் கேக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஊழியர் பிளேயரை நிறுத்தினார். கிளினிக்கில் கடைசி வரிசைவரை போன குரல் அது. அவள் சத்தம் போடாமலே அறையின் நான்கு மூலைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்றார். எதைப் பேச என்று அவள் கேட்டாள். அதுவே போதும் என்பது போல அவர் மேஜைமேல் கையால் துழாவி ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

அதிகாரி அம்மாள் விதித் தாளைத் தூக்கினார். டிஸ்க்கில் வாசிப்பு இல்லாதபோது நேரில் படிக்கவைக்க இடமில்லை என்றார்.

"டிஸ்க் ஓடலன்னாதானே ரத்து? நல்லா ஓடுச்சே. ஆள்தான் மாறி வந்திருக்கு" என்றார் தலைவர்.

அவள் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். என்ன புத்தகம் என்றுகூடப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் ரயிலில் தூங்கிவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடும் கதை. முதல் சில வரிகளில் குரல் நடுங்கியது, பிறகு அது தன் வழியில் போக ஆரம்பித்தது. தலைவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் நெளிந்தான், முன்னால் நகர்ந்தான்.

"சார், ஒரு நல்ல மைக் மட்டும் இருந்தா இவ குரலை நான் இன்னும்..."

"நீங்க பேசாதீங்க" என்றார் தலைவர், அவன் பக்கம் திரும்பாமலே. "உங்களைக் கேட்டாச்சு."

அவள் நிறுத்தவில்லை. பக்கம் முடிந்தபோது, போதும் என்று சொல்ல அதிகாரி அம்மாள் கையைத் தூக்கினார். ஊழியர் அதைத் தலைவரின் காதில் சொன்னார். தலைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேலை தனக்குத்தான் என்பது அவளுக்கு அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்துவிட்டது. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவரின் கதையை ஆற அமரப் படித்தாள். கோடெக் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து, அவள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவன் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.